யாரைக் கேட்டீர்கள், டாக்டர்?

அத்தியாயம் 17

குர்லா ஸ்டேஷன் பாலத்தின் நடுப்படியில் தங்கமயிலை நெஞ்சைப் பிடித்தபடி உட்கார வைத்துவிட்டு, போன வாரம் நாமெல்லாம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். பயப்பட வேண்டாம், பிழைத்துக்கொண்டாள். தாராவியில் மசாலா மில் நடத்துகிற பொம்பளைக்கு மே மாதத்தில் சாவதற்கெல்லாம் நேரம் கிடையாது.

புதிதாகக் கதைக்குள் வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மில்லை ஆரம்பித்தவர் சுடலை. அவர் போன பிறகு அவர் மனைவி தங்கமயில்தான் அதை நடத்துகிறாள். இந்த வருஷம், அதாவது அறுபத்தெட்டு மாசி மாதம், அவளுக்கு நெஞ்சுவலி வந்தது. மாட்டுங்கா டாக்டர் நம்பிராஜன் ஒரு புது மாத்திரை கொடுத்தார், வலி அடங்கியது. வலி அடங்கின கையோடு இளைப்பு வந்து ஒட்டிக்கொண்டது. படுத்தால் நெஞ்சுக்குள் விசில் ஊதியது. நாலு படி ஏறினால் மூச்சு முட்டியது.

எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள், மிளகாய்த் தூசிதான் என்று. அதனால் மில்லைப் பூட்டி, தங்கமயிலையும் அவள் மகள் சந்திரலேகாவையும் செம்பூருக்குக் கூட்டி வந்துவிட்டார் சுடலையின் அண்ணன் தங்கசாமி. செம்பூரில் மிளகாய் இல்லை, மூட்டை இல்லை, மாடிவீடு, ஃபேன் காற்று. இவ்வளவு இருந்தும் இளைப்பு மட்டும் கூடவே வந்துவிட்டது.

அன்று காலை தங்கமயில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். தங்கசாமியின் மனைவி கனகவள்ளி ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள்.

"டிராம்பே பக்கமிருந்து ரிபைனரி நாத்தம் வருது. அதான் ஒனக்கு மூச்சு முட்டுது" என்றாள்.

"அக்கா, தாராவியில இருந்தா மிளகாங்கிய. இங்கன வந்தா ரிபைனரிங்கிய. பம்பாயில நான் எங்கதான் மூச்சு விட?"

இதற்குப் பதில் தங்கசாமியிடமிருந்து வந்தது. அவர் இட்லியைச் சாம்பாரில் புரட்டிக்கொண்டே, பக்கத்துத் தெருவுக்கு ஆள் அனுப்புகிற மாதிரி சொன்னார். "அதுக்குத்தாம்மா ஏற்பாடு பண்ணியாச்சு. நாளைக்கு மெட்ராஸ் மெயில்ல ஒனக்கு டிக்கெட் எடுத்திருக்கேன். மெட்ராஸ்ல வண்டி மாறி ஊருக்குப் போயிரு. ஊர்க் காத்துல ஒரு வருசம் கெடந்தா நெஞ்சு சுத்தமாயிரும்."

"மில்லு?"

"தங்கபாண்டி பாத்துக்கிடுவான்."

தங்கபாண்டி அவருடைய மகன். மிளகாய் மூட்டையைத் தெருவின் எதிர்ப்பக்கம் பார்த்தாலே தும்முகிறவன். தங்கமயிலுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க மூச்சு இல்லை.

"லேகா?"

"இங்கயே இருக்கட்டும். ஆனியில நிச்சயதார்த்தம் இருக்குல்லா? மாட்டுங்காக்காரங்க நம்மள நம்பித்தான் சம்மதிச்சிருக்காவ. கல்யாணத்துக்கு நீ வந்தாப் போதும்."

அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிக்கெட், மில், மகள் மூன்றையும் இட்லி தின்று முடிப்பதற்குள் அவர் தீர்த்து வைத்துவிட்டார்.

தங்கசாமி கெட்டவர் இல்லை என்று இந்தக் கதையைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். தம்பி செத்தபோது எல்லாவற்றையும் முன்னால் நின்று செய்தவர். அந்த ஒரு காரியத்துக்காக, அதற்குப் பிறகான எல்லாக் காரியமும் தனக்கே சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அவர் மேல் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

"சாவிய எடு தாயி" என்றார் கையைத் துடைத்துக்கொண்டே. "சீசன் நேரம். மில்லு பூட்டிக் கெடக்கு."

சீசன் என்று அவர் சொன்னது உண்மை. பம்பாயில் மராத்திப் பெண்கள் மழை இறங்குவதற்கு முன்னால் வருஷம் முழுமைக்கும் மசாலா இடித்து வைத்துக்கொள்வார்கள். மிளகாயும் மல்லியும் லவங்கப்பட்டையும் வறுத்து, டின் டின்னாகத் தலையில் சுமந்து வருவார்கள். தங்கமயிலின் மில்லில் இரும்பு உலக்கைகள் விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரை தொம் தொம்மென்று விழும். இந்த வருஷம் அந்த உலக்கைகள் தூங்குகின்றன. சாவி அவள் இடுப்பில் இருந்தது. பூட்டை உடைத்தால் தாராவி முழுக்கச் சிரிக்கும் என்பதால் தங்கசாமி உடைக்காமல் இருந்தார்.

தங்கமயில் 'முடியாது' என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொல்ல வரவில்லை.

முன்பெல்லாம் அவளுக்குக் கோபம் வந்தால் முதலில் நெஞ்சு எழுந்து நிற்கும். டமடமவென்று அடிக்கும், காது சுடும், பிறகு வார்த்தைகள் தானாக வந்து விழும். மூட்டை தூக்குகிற ஆட்களே நாலடி தள்ளி நிற்பார்கள். இந்த இரண்டு மூன்று மாதமாகக் கோபம் வருகிறது, நெஞ்சு அதோடு சேர்ந்து வரமாட்டேன் என்கிறது. மேளம் இல்லாத கல்யாண ஊர்வலம் மாதிரி கோபம் தன்பாட்டுக்கு வந்து தன்பாட்டுக்குப் போய்விடுகிறது. தனக்குப் பயம் பிடித்துவிட்டது என்று அவள் நினைத்தாள். வயசாகிவிட்டது, சுடலை இல்லாத வீட்டில் தைரியமும் இல்லாமல் போய்விட்டது என்று நினைத்தாள். அந்த நினைப்பு இளைப்பைவிட அவளை அதிகமாக வாட்டியது.

"சாயங்காலம் வரைக்கும் யோசிச்சுக்கோ" என்று பெரிய மனது பண்ணினார் தங்கசாமி. "சாயங்காலம் சாவி என் கையில இருக்கணும்." செருப்பை மாட்டிக்கொண்டு தாராவியில் இருக்கும் தன் பலசரக்குக் கடைக்குப் புறப்பட்டுப் போனார்.

லேகா அதுவரை சுவரில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மாட்டுங்காவில் காலேஜில் படிக்கிறவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஹிந்தியில் சண்டை போடுவாள், அழும்போது மட்டும் சுத்தமான திருநெல்வேலி.

காலை மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டு வந்தவள், அம்மாவின் கையில் டம்ளரைக் கொடுக்கும்போது திடுக்கிட்டாள்.

"என்னம்மா கை இப்படி பர்ஃப் மாதிரி இருக்கு? வெளிய வெயில் கொளுத்துது."

"ரொம்ப நாளா அப்படித்தான் இருக்கு. கால்விரலும் சில்லுன்னுதான் இருக்கு. ரத்தம் செத்துப் போச்சு போல."

"தூங்குனியா?"

"தூங்குனேன். அதுக்கு முழிச்சே கெடந்திருக்கலாம். ஒங்கப்பா வந்து மில்லு உலக்கைய எல்லாம் கழத்தி ஒரு கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விடுதாரு. நான் வேண்டாம் வேண்டாம்னு கத்துதேன். கண்ணால பாக்குத மாதிரியே இருந்துச்சு. முன்னல்லாம் இப்படிக் கனவே வராது எனக்கு."

லேகா மாத்திரைப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தாள். திடீரென்று கேட்டாள்.

"அம்மா, குர்லா பாலத்துல நெஞ்சு வலிச்சப்போ ஒனக்கு இளைப்பு இருந்துச்சா?"

"எங்க யோசிச்சேன்? வலியில உயிர் போச்சு."

"யோசி."

தங்கமயில் யோசித்தாள். பாலம், கூட்டம், நெஞ்சில் ஏறி யாரோ உட்கார்ந்த மாதிரி ஒரு பாரம். "இல்லட்டி" என்றாள் மெதுவாக. "விசில் சத்தம் இல்ல. மூச்சு நல்லாத்தான் போச்சு, வலி மட்டுந்தான்."

"அதுக்கு முந்தின நாள்?"

"அன்னைக்கும் நல்லாத்தான் தூங்குனேன். ஏன் கேக்க?"

"பெரியப்பா மாத்திரை வாங்க மறந்துட்டாங்கல்ல? புட்டி காலியாக் கெடந்தது அப்போதான். மாத்திரை இல்லாதப்போ இளைப்பு இல்ல. ஆனா நெஞ்சுவலி வந்துச்சு. மறுபடி மாத்திரை வந்துச்சு. வலி போச்சு, இளைப்பு வந்துச்சு."

தங்கமயில் மகளைப் பார்த்தாள். பிறகு புட்டியைப் பார்த்தாள். மிளகாயைத் திட்டினார்கள், ரிபைனரியைத் திட்டினார்கள், பம்பாய்க் காற்று முழுவதையும் திட்டினார்கள். இந்தச் சின்னப் புட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அலமாரியில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தது.

"குடு அத" என்று எட்டிப் பிடுங்கினாள். "ஜன்னல் வழியா வீசுதேன் பாரு."

"வீசிட்டு? மறுபடியும் குர்லா பாலமா?" லேகா புட்டியை விடவில்லை. "அன்னைக்கு திடீர்னு நின்னதாலதான் அவ்வளவு வலி வந்துச்சோ என்னமோ. நமக்கென்ன தெரியும்? டாக்டரைப் போய்க் கேப்போம். சல், கிளம்பு."

"ஒங்க பெரியப்பா இல்லாமயா?"

"பெரியப்பாவுக்கா நெஞ்சு வலிக்குது?"

தங்கமயில் அந்த வேளை மாத்திரையை விழுங்கிவிட்டு, சாவி இடுப்பில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு எழுந்தாள்.

கனகவள்ளி வாசல் வரை வந்து, "அவுகளுக்கு நான் என்ன சொல்ல?" என்று கையைப் பிசைந்தாள். "மூச்சு விடப் போயிருக்கான்னு சொல்லுங்கக்கா" என்றாள் தங்கமயில்.

குர்லாவில் வண்டி மாற வேண்டும். பாலத்தில் அவர்கள் படிக்குப் படி நின்று நின்று ஏறினார்கள். போன வாரம் உட்கார்ந்த அதே படியில் தங்கமயில் வேண்டுமென்றே ஒரு கணம் நின்று, அதை மிதித்துவிட்டு மேலே போனாள்.

மாட்டுங்காவில் டாக்டர் நம்பிராஜனின் டிஸ்பென்சரி கோயில் தெருமுனையில் இருக்கிறது. முன்னால் பெஞ்சு போட்ட கூடம். உள்ளே டாக்டர். நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு, அதற்கு மேல் வெறும் காற்றுதான். உள்ளே ஒருவருக்கு மூலம் என்றால் கூடத்தில் இருக்கிறவர்கள் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள்.

தங்கமயில் உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டாள். பெஞ்சின் ஓரத்தில், மடியில் கைப்பையும் கழுத்தில் காசுமாலையுமாக, லேகாவுக்குப் பார்த்திருக்கும் பையனின் அம்மா உட்கார்ந்திருந்தாள். மாட்டுங்காவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பம். அந்த அம்மாவுக்குச் சர்க்கரை, வாராவாரம் வருகிறவள்.

"வாங்க மைனி. லேகாவுமா? வாம்மா" என்று முகம் மலர்ந்தாள் அவள். "ஒடம்பு தேவலாமா?"

"தேவலை" என்றாள் தங்கமயில். தொண்டைக்குள் விசில் ஊதியது.

இனி அவள் மனசுக்குள் ஓடியதை நான் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். தங்கமயிலுக்குச் சின்னப் பிள்ளையில் இளைப்பு இருந்தது. பெரியவளான பிறகு அது தானாக விட்டுவிட்டது. மாசி மாதம் முதல் தடவை இங்கே வந்தபோது டாக்டர் அதைப் பற்றிக் கேட்கவும் செய்தார். "எப்பவாவது இளைப்பு, வீசிங் இருந்ததுண்டா?" தங்கமயில் வாயைத் திறப்பதற்குள், "அதெல்லாம் எங்க வீட்ல கெடையவே கெடையாது டாக்டர்" என்று தங்கசாமி பதில் சொல்லிவிட்டார். அன்றும் கூடத்தில் பாத்திரக்கடை ஆட்கள் இருந்தார்கள். இளைப்புக்காரி மகள் என்றால் யார் பெண் எடுப்பார்கள்? தங்கமயிலும் பேசாமல் இருந்துவிட்டாள்.

இப்போதும் அதே கூடம், அதே தடுப்பு. வாயைத் திறந்தால் மகள் கல்யாணம் போகும். திறக்காவிட்டால் மூச்சும் மில்லும் போகும், நாளைக்கு மெட்ராஸ் மெயில்.

கம்பவுண்டர் கிட்டு பெயரைக் கூப்பிட்டார். அம்மாவும் மகளும் உள்ளே போனார்கள்.

டாக்டர் நம்பிராஜன் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். முதுகில் வைத்தார். முகம் மாறியது. மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாடி ரொம்ப மெதுவா போறது. கை இவ்வளவு சில்லுனு... நெஞ்சு பூரா விசில். எத்தனை நாளா?"

"மாத்திரை தின்ன ஆரம்பிச்ச பொறவு" என்றாள் தங்கமயில்.

லேகா குர்லா பாலத்துக் கதையைச் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு முன்னாடி எப்பவாவது இளைப்பு இருந்திருக்கா?"

தடுப்புக்கு அந்தப் பக்கம் காசுமாலை அசையும் சத்தம் கேட்டது. தங்கமயில் தன் நெஞ்சு அடிக்கும் என்று காத்திருந்தாள், அது அடிக்கவில்லை. சரி, நீ வராவிட்டால் போ என்று அதை விட்டுவிட்டு, மில் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தன் குரலில், தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இருந்துச்சு. சின்னப் பிள்ளையில ராப்பூரா ஒக்காந்தே தூங்குவேன்."

டாக்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அன்னைக்கே கேட்டேனேம்மா! இளைப்பு இருக்கறவாளுக்கு இந்த மாத்திரை கொடுக்கவே கூடாது. ஏன் சொல்லலை?"

"கேட்டீய, டாக்டர். யாரைக் கேட்டீய?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த நாற்காலியில நான் ஒக்காந்திருந்தேன். நெஞ்சு என்னோடது. நீங்க அத்தான் முகத்தைப் பாத்துக் கேட்டீய, அவுக பதில் சொன்னாவ, நீங்க எழுதிக்கிட்டீய. நானும் வாய மூடிக்கிட்டிருந்தேன், அது என் தப்பு. ஆனா என் பக்கம் திரும்பி ஒரு தரம் கேட்டிருக்கலாம்லா?"

கூடத்தில் யாரோ இருமப் போய் அடக்கிக்கொண்டார்கள்.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "கேட்டிருக்கணும்" என்றார். அதற்கு மேல் சாக்குச் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவரை மன்னித்துவிட்டேன், தங்கமயிலும் மன்னித்தாள்.

பிறகு அவர் நாற்காலியை இழுத்து அவளுக்கு நேராகப் போட்டுக்கொண்டு பேசினார்.

"இது பீட்டா பிளாக்கர்னு புது வகை மருந்து. நமக்குக் கோபம் வந்தா, பயம் வந்தா, ஓடினா, 'வேகமா அடி'ன்னு உடம்பு இதயத்துக்கு ஒரு உத்தரவு போடும். இந்த மாத்திரை அந்த உத்தரவை வாசல்லயே மறிச்சுடும். இதயம் நிதானமா வேலை செய்யும், அதனாலதான் வலி குறையறது. ஆனா அதே மாதிரி ஒரு உத்தரவுதான் மூச்சுக்குழாயையும் திறந்து வெக்கறது. மாத்திரை அதையும் மறிச்சுடும். இளைப்பு இருந்த உடம்புல மூச்சுக்குழாய் சுருங்கிடும்."

"அப்போ மிளகாய்த் தூசி?"

"அதை நல்லதுன்னு நான் சொல்லமாட்டேன். மூக்கைத் துணியால கட்டிக்கோங்கோ, உலக்கை பக்கத்துல நிக்காதீங்கோ. ஆனா இத்தனை வருஷம் வராத இளைப்பு இப்ப வந்ததுக்குக் காரணம் இந்த மாத்திரைதான். கை சில்லுனு இருக்கறது, அசதி, கண்ட கனவெல்லாம் வர்றது எல்லாமே அதனாலதான்."

"கோபம் வந்தா நெஞ்சு அடிக்க மாட்டேங்குதே, அது?"

"அதுவும் மாத்திரைதான்."

தங்கமயில் கண்ணை மூடிக்கொண்டாள். தான் பயந்தாங்கொள்ளி ஆகிவிடவில்லை. அவளுக்கு அழ வேண்டும் போல இருந்தது, ஆனால் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆள் இருந்ததால் அழவில்லை.

"இன்னைக்கே நிறுத்திரவா?"

"கூடாது. சட்டுனு நிறுத்தினாத்தான் குர்லா பாலத்துல ஆன மாதிரி ஆகும். இன்னைலேர்ந்து பாதி. தினம் வந்து காட்டணும். படிப்படியா குறைச்சு எடுத்துடலாம். வலி வந்தா நாக்குக்கு அடியில வெச்சுக்க வேற மாத்திரை தரேன், மூச்சுக்கும் தரேன். மூச்சு ரொம்ப முட்டினா எந்த வேளையானாலும் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கோ. புது மருந்தும்மா, நாங்களே இன்னும் படிச்சுண்டுதான் இருக்கோம்." சீட்டு எழுத ஆரம்பித்தவர் நிறுத்தி, இந்தத் தடவை ஜாக்கிரதையாக அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "குடும்பத்துல வேற யாருக்காவது இளைப்பு உண்டா?"

தங்கமயில் தடுப்பைப் பார்த்தாள். தன்னைப் பற்றிச் சொல்லியாயிற்று, கிழவி கதை என்று பாத்திரக்கடைக்காரி ஒருவேளை மன்னிப்பாள். மகளையாவது காப்பாற்ற வேண்டாமா?

"வேற யாருக்கும் கெடையா..."

"அம்மா."

லேகா அவள் தோளில் கை வைத்தாள். "எனக்கும் சேத்து நீ பதில் சொல்லாத. பெரியப்பா பண்ணினதைத்தான் நீயும் பண்ணுத."



"எனக்கு உண்டு டாக்டர்" என்றாள் லேகா. குரல் நடுங்கியது, ஆனால் சின்னக் குரல் இல்லை. "மழை ஆரம்பிச்சா வரும். அம்மாவுக்குத் தெரியும். வேற யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கா. இப்ப சொல்லிட்டேன்."

அவர்கள் வெளியே வந்தபோது பெஞ்சின் ஓரம் காலியாக இருந்தது. "மாமி டாக்டரைப் பாக்காமலே எழுந்து போயிட்டா" என்றார் கிட்டு, யாரையும் பார்க்காமல்.

இருவரும் பஸ் பிடித்துத் தாராவி வந்தார்கள். இறங்கும்போது தங்கமயில், "வருத்தமாட்டி?" என்றாள். "தெரியல. அவங்க நல்லவங்க மாதிரி இருந்தாங்க. அதான் கஷ்டமா இருக்கு" என்றாள் லேகா.

மில் வாசலில் ஒரு கூட்டமே நின்றது. கோலிவாடா மராத்திப் பெண்கள் மசாலா டின்களை இறக்கி வைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் தங்கசாமி, பக்கத்தில் மூக்கில் கைக்குட்டையோடு தங்கபாண்டி. செம்பூரிலிருந்து கனகவள்ளி போன் பண்ணிவிட்டாள் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"எங்க போனிய? யாரைக் கேட்டுப் போனிய?"

"டாக்டர்கிட்ட அத்தான். என்னயக் கேட்டுத்தான் போனேன்."

"வாய் நீளுது. சாவியக் குடு. நாளைக்கு வண்டி."

தங்கமயில் நின்று தன் நெஞ்சைக் கவனித்தாள். நிதானமாக, முறுக்குத் தளர்ந்த கடிகாரம் மாதிரி அது தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. டமடம இல்லை. காது சுடவில்லை. காலையில் இந்த அமைதிதான் அவளைப் பயமுறுத்தியது. இப்போது அது என்னவென்று தெரிந்துவிட்டதால் அதைத் தாண்டிப் பேசவும் தெரிந்தது.

"குடுக்க முடியாது அத்தான்" என்றாள். சத்தம் போடவில்லை. "இளைப்பு மிளகாயால வரல. மாத்திரையால வந்துச்சு. நீங்க எனக்குப் பதிலாச் சொன்ன அந்த ஒரு பதிலால வந்துச்சு. டிக்கெட்ட திருப்பிக் குடுத்திருங்க. இல்லன்னா தங்கபாண்டிய அனுப்புங்க, அவன் மூக்குக்கு ஊர்க் காத்து நல்லது."

தங்கசாமிக்கு முகம் கறுத்தது. தம்பி பெண்டாட்டி கத்தினால் அடக்கத் தெரியும், அழுதால் தேற்றத் தெரியும். இப்படி மார்க்கெட் விலை சொல்கிற மாதிரி சொன்னால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

அவள் பூட்டைத் திறந்தாள். முந்தானையைக் கிழிக்கப் போனவளை நிறுத்தி, லேகா தன் துப்பட்டாவை மடித்து அவள் மூக்கைச் சுற்றிக் கட்டினாள். "கோல் தியா!" என்று, மில் திறந்த சந்தோஷத்தில் பெண்கள் எழுந்தார்கள். மில் ஆள் மோட்டாரைப் போட, உலக்கைகள் இருமி, தடுமாறி, தொம் தொம்மென்று விழ ஆரம்பித்தன. தங்கமயில் உள்ளே போகவில்லை. வாசலில் காற்று வரும் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். இனிமேல் அங்கிருந்துதான் நடத்துவாள்.

"மில்லு கெடக்கட்டும்" என்றார் தங்கசாமி, தோற்ற இடத்தை விட்டு நகர்ந்து. "மாட்டுங்காக்காரங்க கடைக்கு போன் பண்ணினாவ. டிஸ்பென்சரியில நீங்க பேசினது பூரா வந்தாச்சு. பையனே இப்போ இங்க வாரானாம். நான் அவன்கிட்ட என்ன பதில் சொல்லட்டும்? சொல்லுங்க, நான் என்ன பதில் சொல்லட்டும்?"

லேகாவின் முகம் வெளுத்துவிட்டது. தங்கமயில் கையை நீட்டி மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவளுடைய சில்லிட்ட விரல்களுக்கு அடியில் அது படபடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மாதமாக அவள் தன்னிடம் தேடிக்கொண்டிருந்த துடிப்பு அது.

"பயமா இருக்காட்டி?"

"ஆமா."

"இருக்கட்டும். பயந்துக்கிட்டே பேசு. நீயே பேசு."

தெருமுனையில் ஒரு டாக்ஸி நின்றது. இறங்கியவன் தனியாக வந்திருந்தான். மிளகாய் நெடியில் கண் கலங்க, டின்களுக்கு நடுவே வழி பார்த்து வந்தவன், பழக்கப்படி நேராகத் தங்கசாமியின் முன்னால் போய்க் கை குவித்தான்.

"மாமா, ஒரு விஷயம் கேக்கணும்..."

தங்கசாமி தொண்டையைக் கனைத்தார்.

"தம்பி" என்றாள் தங்கமயில், ஸ்டூலிலிருந்து எழுந்திருக்காமல், உலக்கைச் சத்தத்துக்கு மேலே. "பதில் சொல்ல வேண்டியவ இங்கன நிக்கா. இவளக் கேளுங்க."